கூத்துக்கு யார் பணம் தருவார்கள்? அரசு, கம்பெனி, ஊர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூத்து சமா (கூத்தாடும் குழு), நாடகக் குழு, சிறிய நூலகம், கிராமியக் கலைப் பயிற்சிப் பள்ளி என்று ஏதோ ஒன்றை நடத்திக்கொண்டு, அடுத்த விழாவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று யோசிப்பவர்களுக்கான பக்கம் இது. அரசும் தனியாரும் சேர்ந்து கலைக்குப் பணம் தருவது இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டில், எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

கேள்வி: அரசு–தனியார் கூட்டு என்றால் சாலை போடுவது, மெட்ரோ ஓட்டுவது மாதிரியா?

இல்லை. சாலை போட்ட கம்பெனி சுங்கச்சாவடி வைத்துப் போட்ட பணத்தை எடுத்துவிடும். பாரதக்கூத்துக்குச் சுங்கச்சாவடி கிடையாது. கலையில் கூட்டு என்றால், ஆளுக்கு ஒரு பொருளைக் கொண்டுவந்து போடுவது. பெரும்பாலும் அரசிடம் இருப்பது இடமும் அனுமதியும். தனியாரிடம் இருப்பது பணமும் நிர்வாக வேகமும்.

முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ரா நல்ல உதாரணம். நிலம் மாநில அரசு குத்தகைக்குக் கொடுத்தது. கட்டி நடத்துவது மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்ற தனியார் அறக்கட்டளை. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்களின் கதை இன்னும் சுற்றி வந்தது. அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, கடல் கடத்தாமல் சென்னையிலேயே நூலகமாக்கியது. 1994-ல் தொடங்கிய அந்த நூலகம் இன்று தரமணியில் தனி அறக்கட்டளையாக இயங்குகிறது. சென்னை சங்கமத்தை எடுத்துக்கொண்டால், 2007-ல் தமிழ் மையம் என்ற தன்னார்வ அமைப்பும் அரசும் கைகோத்துத் தொடங்கினார்கள். நடுவில் பல ஆண்டுகள் நின்றுபோய், 2023 பொங்கலுக்கு ‘நம்ம ஊரு திருவிழா’ என்ற பெயரோடு கலை பண்பாட்டுத் துறையின் விழாவாகத் திரும்பி வந்தது.

கேள்வி: கலை பொதுச்சொத்து. அரசே முழுச் செலவையும் ஏற்றால் என்ன?

ஏற்க வேண்டும் என்று வாதாடலாம், தப்பில்லை. ஆனால் அரசுப் பணம் எந்த வடிவத்தில் வருகிறது என்று பாருங்கள். இயல் இசை நாடக மன்றம் வழியாக நலிந்த கலைஞர்களுக்கு மாத உதவி, விருது. தஞ்சாவூரில் 1986-ல் தொடங்கிய தென்னகப் பண்பாட்டு மையம் வழியாக நிகழ்ச்சி வாய்ப்பு. மத்திய பண்பாட்டு அமைச்சகத்தின் குரு–சிஷ்ய பரம்பரைத் திட்டத்தில் குருவுக்கும் சீடர்களுக்கும் மாதத் தொகை. அதே அமைச்சகத்தின் நிகழ்ச்சி, தயாரிப்பு மானியம் சாதாரணமாக 5 லட்சம் ரூபாய் வரை.

இவை எல்லாம் ஆளுக்கோ நிகழ்ச்சிக்கோ வரும் பணம். ஒத்திகைக் கொட்டகையின் வாடகை, கணக்கு எழுதுபவர் சம்பளம், கிழிந்துபோன உடுப்புக்குப் பதில் புதிது, இதற்கெல்லாம் தலைப்பே இருக்காது. சொல்லப்போனால் கம்பெனிப் பணத்திலும் அந்தத் தலைப்பு தானாக இருக்காது. கூட்டு நிதியில் எல்லோரும் விழாவுக்குக் கொடுக்க முன்வருவார்கள். விழா இல்லாத பத்து மாதத்துக்கு யாரும் வரமாட்டார்கள். இந்தப் பக்கத்தில் இருக்கும் பாதி ஆலோசனை அந்தப் பத்து மாதத்தைப் பற்றியதுதான்.

கேள்வி: சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) பணம் கலைக்கு வருமா?

வரும். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, கடந்த மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரலில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. எதற்கெல்லாம் செலவிடலாம் என்று சட்டத்தின் ஏழாம் அட்டவணை சொல்கிறது. தேசியப் பாரம்பரியம், கலை, பண்பாடு ஆகியவற்றைப் பாதுகாப்பது, வரலாற்றுக் கட்டடங்களைச் சீரமைப்பது, பொது நூலகம் அமைப்பது, மரபுக் கலைகளையும் கைவினையையும் வளர்ப்பது எல்லாம் அதில் வெளிப்படையாகவே இருக்கின்றன.

பெரும்பங்கு கல்விக்கும் மருத்துவத்துக்கும்தான் போகிறது. அதில் ஆச்சரியம் இல்லை. ஒரு பள்ளிக்குக் கழிப்பறை கட்டினால் போட்டோ எடுக்கலாம், எத்தனை பிள்ளைகள் பயன்பெற்றார்கள் என்று எண்ணலாம். அடவு கற்றுக்கொண்ட பையனை எப்படி எண்ணுவது என்று கம்பெனிக்காரருக்குத் தெரியாது. நீங்கள்தான் எண்ணிக் காட்ட வேண்டும்: எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் நிலைத்து நின்றார்கள், எத்தனை பேர் இன்று வேஷம் கட்டுகிறார்கள், சமாவில் ஒரு சீசனுக்கு எத்தனை இரவு ஆட்டம் கிடைத்தது. இந்த நாலு எண்ணையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வைத்திருக்கும் குழுக்கள் குறைவு.

கேள்வி: விழாவுக்கு ஒரு கம்பெனி ஸ்பான்சர் செய்தால் அதுவும் சிஎஸ்ஆர்தானே?

இல்லை. விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்கு முதல் காரணமே இந்தக் குழப்பம்தான். தன் பொருளுக்கோ சேவைக்கோ விளம்பர லாபம் தேடி ஒரு கம்பெனி ஸ்பான்சர் செய்வது சிஎஸ்ஆர் ஆகாது என்று விதியே சொல்கிறது. மாரத்தான், விருது விழா, டிவி நிகழ்ச்சி மாதிரி ஒரே நாளில் முடிந்துபோகும் காரியங்களும் கணக்கில் வராது என்று அமைச்சகம் 2014-லேயே விளக்கம் கொடுத்துவிட்டது.

ஒரே கம்பெனியில் இரண்டு கதவு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பான்சர் பணம் மார்க்கெட்டிங் ஆட்களிடம் இருக்கும். அவர்களுக்குக் கூட்டம் எவ்வளவு வரும், பேனர் எங்கே கட்டுவீர்கள் என்பதுதான் கேள்வி. சிஎஸ்ஆர் பணம் வேறு குழுவிடம் இருக்கும். அவர்களுக்கு யார் பயன்பெறுகிறார்கள், திட்டம் எத்தனை மாதம், ஆவணம் சரியாக இருக்கிறதா என்பது கேள்வி. ஒரு கதவுக்கு எழுதிய கடிதத்தை இன்னொரு கதவில் நீட்டினால் பதில்கூட வராது.

ஆகவே மூன்று இரவுக் கூத்துவிழாவைக் கொண்டுபோய் சிஎஸ்ஆரில் கேட்காதீர்கள். ஆறு மாதப் பயிற்சியைக் கேளுங்கள். விழா அந்தப் பயிற்சியின் முடிவில் வரட்டும், விழாச் செலவு வேறு கையிலிருந்து வரட்டும்.

அப்புறம் ஜிஎஸ்டி. லோகோ போடுவது, மேடையில் பெயர் சொல்வது என்று கைமாறு எழுதப்பட்டிருந்தால் அது ஸ்பான்சர்ஷிப் சேவை, வரிக் கேள்வி எழும். கைமாறு எதிர்பார்க்காத நன்கொடைக்கு அந்தக் கேள்வி இல்லை. தனிக் கலைஞர் நாட்டுப்புற அல்லது செவ்வியல் கலை நிகழ்ச்சிக்கு வாங்கும் ஊதியம் 1.5 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை அதற்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. இது தெரியாமல் சில அமைப்பாளர்கள் கலைஞர் சம்பளத்திலேயே கை வைக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் சமா எங்கும் பதிவாகவில்லை. மூன்று தலைமுறையாக ஆடுகிறோம். பணம் வாங்க முடியுமா?

சிஎஸ்ஆர் பணத்தை நேரடியாக வாங்க முடியாது. கம்பெனி திட்டத்தைத் தானே நடத்தலாம், இல்லையென்றால் அறக்கட்டளை, சங்கம், பிரிவு 8 கம்பெனி (லாப நோக்கம் இல்லாத கம்பெனி) இவற்றில் ஒன்றின் வழியாக நடத்தலாம். அந்த அமைப்புக்கு வருமான வரியில் 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை) பதிவு இரண்டும் வேண்டும். அதே மாதிரி வேலையில் மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். 2021 ஏப்ரலில் இருந்து சிஎஸ்ஆர்-1 என்ற படிவத்தில் பதிவு எண்ணும் வேண்டும். மத்திய அரசு மானியத்துக்கு இவற்றோடு, தன்னார்வ அமைப்புகள் பதியும் அரசு இணையதளமான தர்ப்பண் தளத்தின் எண் கேட்பார்கள்.

மூன்று தலைமுறை அனுபவத்தைத் தணிக்கை அறிக்கையில் காட்ட முடியாது என்பது கொடுமைதான். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்து சங்கம் பதிந்து, மூன்று ஆண்டு ஒழுங்காகக் கணக்கு வைத்துவிட்டுப் பிறகு கேட்பது. இரண்டு, ஏற்கெனவே எல்லாப் பதிவும் வைத்திருக்கும் அமைப்போடு சேர்ந்து நடத்துவது. இரண்டாவது வழியில் போனால், கலைஞர்களுக்குப் போக வேண்டிய தொகையை அந்த அமைப்பு நேரடியாகக் கலைஞர்களின் வங்கிக் கணக்கில் போடும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை போதும் என்று விட்ட இடத்தில்தான் சண்டை வரும்.

கேள்வி: பட்ஜெட்டை எப்படிப் பிரிப்பது?

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று இரவு பாரதக்கூத்து. வாத்தியார், முகவீணை, மிருதங்கம், ஆர்மோனியம், கட்டியக்காரன் எல்லாம் சேர்த்து 14 பேர். ஆளுக்கு ஓர் இரவுக்கு 1500 என்றால் 63,000. வேன் 15,000. மேடை, பந்தல், மைக், விளக்கு 60,000. இருபது பேருக்கு மூன்று நாள் சாப்பாடு, ஆளுக்கு நாளுக்கு 300 வீதம் 18,000. இத்தோடு நிறுத்தி 1,56,000 என்று எழுதிக் கொடுப்பவர்கள்தான் அதிகம்.

விட்டுப்போனது என்ன? இளைஞர்களுக்கு வாரம் ஒரு வகுப்பு, 24 வகுப்புக்கு வாத்தியார் ஊதியம் 36,000. அரிதாரம், உடுப்பு, கட்டை நகைகளைப் பழுது பார்க்க 12,000. வீடியோ பதிவுக்கு 30,000. கணக்கு, தணிக்கைக்கு 10,000. ஆக மொத்தம் 2,44,000.

இப்போது பிரிக்கலாம். பந்தலும் சாப்பாடும் ஊர் பொறுப்பு: 78,000. அது பணமாக வர வேண்டாம். அரிசியாக, ஆள் உழைப்பாக வரலாம், ஆனால் மதிப்புப் போட்டுக் காட்டுங்கள். கலைஞர் ஊதியமும் வேனும் அரசு மானியத்தில்: 78,000. வகுப்பு, உடுப்பு, பதிவு, தணிக்கை கம்பெனியின் சிஎஸ்ஆரில்: 88,000. ஒரே பில்லை இரண்டு பேருக்கும் காட்டும் நிலைமையே வராது. தணிக்கையாளர் முதலில் தேடுவது அந்த ஒரே பில்லைத்தான்.

‘நிர்வாகச் செலவுக்கு 5 சதவீதம்தான் தருவோம்’ என்று சில கம்பெனிகள் சொல்லும். விதியில் இருக்கும் அந்த 5 சதவீத வரம்பு கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்த ஆகும் பொதுச் செலவுக்கு. உங்கள் திட்டத்தை நேரடியாக நடத்தவும் கண்காணிக்கவும் ஆகும் செலவு அதில் அடங்காது. மரியாதையாக எடுத்துச் சொல்லலாம்.

கேள்வி: அரசுப் பணம் வரத் தாமதமானால் என்ன செய்வது?

தாமதமாகும் என்றே வைத்துத் திட்டம் போடுங்கள். பல மானியங்கள் தவணையாக வரும். நீங்கள் முதலில் செலவு செய்து, பயன்பாட்டுச் சான்று கொடுத்த பிறகே மிச்சம் வரும். அந்தச் சான்றுக்கான படிவத்தின் பெயரும் 12-ஏ. வருமான வரியின் 12ஏ வேறு, இது வேறு. ஒன்றைக் கேட்டால் இன்னொன்றின் நகலை அனுப்புவது அடிக்கடி நடக்கிறது.

பெரிய இடத்துக்கும் இந்தக் கஷ்டம் உண்டு. கேரளத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று நடக்கும் கலைக் கண்காட்சியான கொச்சி–முசிறி பினாலே இந்தியாவில் கூட்டு நிதிக்கு எல்லோரும் காட்டும் உதாரணம். போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்ற இரு ஓவியர்கள் முன்னின்று, 2012 டிசம்பர் 12-ல் தொடங்கியது. கேரள அரசு தொடக்கத்தில் 5 கோடி ரூபாய் கொடுத்தது. அந்தப் பணம் செலவான விதம் பற்றிச் சர்ச்சை கிளம்பி, முதல் பதிப்பே கடனோடும் நன்கொடையோடும்தான் நடந்தது. பிறகு அரசு மீண்டும் ஆதரவு தந்தது, தனியார் புரவலர்களும் பெருகினார்கள், உலகம் முழுக்கப் பெயர் வந்தது. அப்படியும் 2022 டிசம்பர் 12-ல் திறக்க வேண்டிய பதிப்பு கடைசி நேரத்தில் தள்ளிப்போய் 23-ல்தான் திறந்தது. சரக்கு வரத் தாமதம், மழை, பணத் தட்டுப்பாடு என்று பல காரணம் சொல்லப்பட்டன. பங்கேற்ற கலைஞர்களே பகிரங்கக் கடிதம் எழுதினார்கள்.

எனக்குத் தெரிந்தவரை இதில் கவனிக்க வேண்டியது தொகை அல்ல, வரிசை. அந்தப் பதிப்பின் முக்கியக் கண்காட்சி இடமான ஆஸ்பின்வால் ஹவுஸ் கைக்கு வருவதும், பணம் வருவதும், வேலை தொடங்குவதும் ஒன்றை நம்பி ஒன்று நிற்கின்றன. ஒன்று பிந்தினால் எல்லாம் பிந்தும். சிறு குழு என்றால் மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்காவது கையில் இல்லாமல் தேதியை அறிவிக்காதீர்கள். அந்த மூன்றில் ஒரு பங்கு ஊரிலிருந்து வருவது நல்லது. தமிழ்நாட்டு அரசின் நமக்கு நாமே திட்டத்திலும் பொதுமக்கள் பங்கு பொதுவாக அந்த அளவில்தான் தொடங்குகிறது.

கேள்வி: செங்கோட்டையை ஒரு சிமென்ட் கம்பெனிக்கு ‘விற்றுவிட்டார்கள்’ என்றார்களே?

விற்கவில்லை. ‘பாரம்பரியத்தைத் தத்தெடுப்போம்’ என்று 2017 செப்டம்பரில் ஒரு திட்டம் வந்தது. அதன்படி 2018 ஏப்ரலில் டால்மியா பாரத் நிறுவனம் டெல்லி செங்கோட்டைக்காக ஐந்து ஆண்டில் 25 கோடி ரூபாய் என்று ஒப்பந்தம் போட்டது. குடிநீர், கழிப்பறை, வழிகாட்டிப் பலகை, விளக்கு போன்ற வசதிகள் அதன் பொறுப்பு. கோட்டை தொல்லியல் துறையிடமே இருந்தது. இருந்தும் நாடு முழுக்கக் கூச்சல். சட்டப்படி கூச்சலுக்கு இடமில்லை. ஆனால் கம்பெனியின் பெயர் எங்கே, எவ்வளவு பெரிதாக வரும் என்பது மக்களுக்கு முன்கூட்டித் தெரியாதபோது சந்தேகம் வரத்தான் செய்யும்.

இதோடு டெல்லியிலேயே இருக்கும் ஹுமாயூன் கல்லறையை ஒப்பிட்டுப் பாருங்கள். தேசியப் பண்பாட்டு நிதியம் என்று மத்திய அரசு 1996-ல் ஒரு அறக்கட்டளை அமைத்தது. 19.5 கோடி ரூபாய் மூலதனம். நன்கொடை தருபவர், நிதியம், தொல்லியல் துறை மூவரும் கையெழுத்திட்டு, எந்தச் சின்னத்துக்கு எந்த வேலை என்று குறிப்பிட்டே பணம் போகும். அந்த வழியில் ஆகா கான் அறக்கட்டளை முதலில் கல்லறைத் தோட்டத்தை மீட்டது. பிறகு 2007 ஒப்பந்தத்தில் பக்கத்திலிருக்கும் நிஜாமுதீன் பஸ்தி குடியிருப்பையும் சுந்தர் நர்சரி தோட்டத்தையும் சேர்த்துக்கொண்டது. டாட்டா அறக்கட்டளையும் கல்லறைப் பணிக்குப் பணம் கொடுத்தது. முன்பு பூசிய சிமென்டைச் சுரண்டி எடுத்து, சுண்ணாம்புக் காரை பூசும் கொத்தனார்களை வைத்து ஆண்டுக்கணக்கில் வேலை நடந்து 2013-ல் முடிந்தது. இரண்டிலும் தனியார் பணம்தான். ஒன்றில் வசதிக்கு, இன்னொன்றில் கைவினைஞரின் வேலைக்கு. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

கேள்வி: கம்பெனி பெயரை எங்கே போடுவது?

டியூப்லைட் முழுக்க ‘உபயம்’ எழுதி வெளிச்சத்தையே மறைத்த கோயில்களை நாம் பார்த்திருக்கிறோம். அழைப்பிதழின் பின்பக்கம், நுழைவாயில் பலகை, வீடியோவின் இறுதி என்று மூன்று இடம் எழுதிக் கொடுங்கள். திரைக்கும் உடுப்புக்கும் பக்கத்தில் வேண்டாம் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

கேள்வி: என்ன ஆட வேண்டும் என்று கம்பெனி சொன்னால்?

எந்தக் கதை, யார் வேஷம், எத்தனை மணி நேரம் என்பதில் வாத்தியார் முடிவே இறுதி என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும். விடிய விடிய நடக்கும் கூத்தை ‘நாற்பது நிமிஷத்தில் முடியுங்கள்’ என்று கேட்பதுதான் வழக்கமாக வரும் தலையீடு. அதற்குத் தனியாக ஒரு சுருக்க ஆட்டம் தயாரித்துத் தரலாம், தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு. மூல ஆட்டத்தை வெட்டக் கூடாது.

யாரிடம் வாங்குவதில்லை என்பதையும் குழு கூடி முன்பே முடிவு செய்யுங்கள். லண்டன் டேட் அருங்காட்சியகம் எண்ணெய் நிறுவனமான பிபியிடம் பல ஆண்டு வாங்கி, எதிர்ப்புகளுக்கு நடுவே 2017-ல் அந்த உறவு முடிந்தது. அதே பிபியிடம் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 2023-ல் பத்து ஆண்டுக்கு 5 கோடி பவுண்டு ஒப்பந்தம் போட்டது. ஒரே ஊரில் இரண்டு முடிவு. புகையிலை, மது, ஆன்லைன் சூதாட்டம் வேண்டாம் என்று நம்மூர்க் குழுக்கள் பல எழுதி வைத்திருக்கின்றன. பணம் மேசைக்கு வந்த பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் குழு உடையும்.

கேள்வி: வேறு நாடுகளில் எப்படிச் செய்கிறார்கள்?

சிங்கப்பூர் முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. தனியார் ஒரு டாலர் கொடுத்தால் அரசு ஒரு டாலர் போடும். பண்பாட்டு ஈட்டு நிதி என்று சொல்லலாம், 2013-ல் 20 கோடி சிங்கப்பூர் டாலரோடு தொடங்கி, பிறகும் பணம் சேர்த்தார்கள். யாருக்குப் பணம் என்பதில் மக்களின் நன்கொடையே வழிகாட்டுகிறது. அமெரிக்காவில் தேசியக் கலை நிதியம் தலைகீழ் வழியில் போகிறது: அரசு மானியம் வாங்கும் குழு பொதுவாக அதே அளவு தொகையை வேறு இடத்தில் திரட்டிக் காட்ட வேண்டும். இரண்டிலும் ஒரு குறை. பணக்கார நண்பர்கள் உள்ள குழுவுக்கே இரட்டிப்பாக வரும். நம்மூரில் கொண்டுவந்தால் சென்னை சபாக்களுக்குப் போய், கூத்துக்கு வராது. கிராமக் குழுவின் ஒரு ரூபாய்க்கு அரசு மூன்று ரூபாய் என்று வைத்தால் சரியாக இருக்கும்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் ஊர்க்காரர்கள் பணம் அனுப்பத் தயார். வாங்கலாமா?

அவர் இந்தியக் குடியுரிமையோடு, தன் சொந்த வருமானத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகாது. வேறு குடியுரிமை எடுத்துவிட்டால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் குறுக்கே வரும். பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவு செய்த அமைப்பும் ஸ்டேட் வங்கியின் டெல்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வாங்க வேண்டும். பாஸ்போர்ட் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ள வெட்கப்படாதீர்கள்.

கேள்வி: உள்ளூர் நன்கொடையாளருக்கு வரிச் சலுகை உண்டா?

80ஜி பதிவு இருந்தால், பழைய வரி முறையைத் தேர்ந்தவருக்கு உண்டு. வழக்கமாகக் கொடுத்ததில் பாதி. 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவருக்கும் கிடையாது. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் வேறு. ரசீது அடிக்கும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கேள்வி: ஆண்டுதோறும் கை ஏந்தாமல் இருக்க வழி?

மூலநிதி. அசலைத் தொடாமல் வட்டியில் நடத்துவது. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்குத் தேவைப்பட்ட 60 லட்சம் டாலரும் அப்படிப்பட்ட மூலநிதிதான். அமெரிக்காவில் வாழும் இரண்டு தமிழ் மருத்துவர்கள் 10 லட்சம் டாலர் போட்டுத் தொடங்கினார்கள். தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் தந்தது. மிச்சம் உலகெங்கும் தமிழர்கள் சிறியதும் பெரியதுமாகப் போட்டது. அரசு, தனிப் புரவலர், பொதுமக்கள் மூவரும் ஒரே பானையில் போட்டதற்கு இதைவிடப் பெரிய தமிழ் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அதே வழியைச் சமா அளவுக்குச் சுருக்கலாம். 10 லட்சம் ரூபாயை வங்கியில் வைத்து 7 சதவீத வட்டி கிடைத்தால் ஆண்டுக்கு 70,000. மேலே போட்ட கணக்கில் வாத்தியார் ஊதியமும் உடுப்புப் பழுதும் தணிக்கையும் சேர்த்து 58,000தான். விழா இல்லாத மாதங்கள் அதில் ஓடும். ஒரு எச்சரிக்கை: சிஎஸ்ஆர் பணத்தை மூலநிதியில் போட அனுமதி இல்லை, அது திட்டத்தில் செலவாக வேண்டும். ஊர்க்காரர், பழைய மாணவர், கல்யாணம் காதுகுத்துக்கு வரும் மொய் என்று தனிநபர் பணத்தில்தான் இதைக் கட்ட முடியும். வங்கிக் கணக்கும் வேறாக இருக்க வேண்டும், இரண்டு பேர் கையெழுத்தோடு, அதில் ஒருவர் வாத்தியார் குடும்பத்துக்கு வெளியே இருந்து.